ஏத்தத்தில் மட்டும் போனவன்

வருடத்துக்கு ஒரு முறை ஒரு படிவம் வரும். இந்த ஆண்டு என்ன ஆராய்ச்சி செய்தீர்கள் என்று கேட்கும். முதல் கேள்வியே 'உங்கள் துறை'. பக்கத்தில் ஒரே ஒரு கட்டம், பட்டியலில் இருந்து ஒன்றைத்தான் எடுக்க முடியும். நான் படித்தது எண் கோட்பாடு, சம்பளமும் அதற்குத்தான். ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த பிறகு டவுன்ஷிப் என்கிற கறுப்பர் புறநகர்க் குடியிருப்புப் பையன்களின் தாளத்தைப் பற்றி மூன்று நோட்டு எழுதி வைத்திருக்கிறேன், சனிக்கிழமைகளில் ஆற்றில் இறங்கித் தண்ணீர் அள்ளுகிறேன். போன வருடம் இதையெல்லாம் விளக்கப் போனபோது, படிவத்தைச் சரிபார்க்கிற அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "இதில் எது வேலை, எது பொழுதுபோக்கு?" என்று கேட்டார். நல்ல மனுஷிதான். எனக்குத்தான் பதில் வரவில்லை.

இந்த வருடம் பதில் இருக்கிறது. கட்டத்துக்குள் அடங்காது, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், நடுவில் என் முட்டாள்தனம் ஒன்றும் வரும்.

முதலில் டாக்ஸி. இங்கே டாக்ஸி என்றால் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்காரும் வேன், நம்மூர் ஷேர் ஆட்டோவுக்குப் பெரியண்ணன் மாதிரி. ரிசர்வாயர் ஹில்ஸில் ஏறி வார்விக் சந்திப்பில் இறங்குவேன். வந்த புதிதில் கடைசி வரிசையில் இடம் காலியாக இருக்கிறதே என்று சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தேன், அது ஏன் காலி என்று வண்டி நகர்ந்ததும் தெரிந்தது. இருக்கைக்குப் பின்னால் ஒரு அலமாரி அளவுக்கு ஸ்பீக்கர் பெட்டி. முதுகெலும்பு வழியாகத்தான் பாட்டு கேட்கும். பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, ராகம் கிடையாது, வரிகள் அரைகுறை, அடி மட்டும்தான். இதற்கு இங்கே பெயர் 'கோம்'. சரியாகச் சொல்ல வேண்டுமானால் முதலெழுத்தில் ஜூலு மொழியின் சொடுக்கு ஒலி வர வேண்டும், பாட்டிலில் இருந்து கார்க்கை உருவினால் வருமே அந்தச் சத்தம், அதைத் தமிழில் எழுத வழியில்லை. பெயரே அடி விழும் ஓசைதான், நாம் 'டம்' என்கிற மாதிரி.

2010ஐ ஒட்டிய வருடங்களில் டர்பனைச் சுற்றியுள்ள டவுன்ஷிப்களில் பிறந்த இசை இது. ஸ்டூடியோ கிடையாது. பழைய கணினி, அதில் ஃப்ரூட்டி லூப்ஸ் என்கிற மென்பொருள், திரையில் வரிசையாகப் பதினாறு கட்டம், எந்தக் கட்டத்தைச் சொடுக்குகிறாயோ அங்கே அடி விழும். கிளப்களில் வழக்கமாகக் கேட்கிற இசையில் ஒன்று, ஐந்து, ஒன்பது, பதிமூன்று என்று கட்டம் தவறாமல் விழும், வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி. கோம் அப்படி இல்லை, இடறி இடறிப் போகும். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ என் விரல் தானாகத் தொடையில் தட்ட ஆரம்பித்தது: தகிட தகிட தக. தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. எங்கள் பக்கத்தில் கோயில் கொடைக்கு வரும் மேளத்தில் நூறு முறை கேட்ட கணக்கு, இந்தியப் பெருங்கடலின் மறுகரையில் ஒரு வேனின் கடைசி இருக்கையில் முதுகில் வந்து இடிக்கிறது. எல்லா கோம் பாட்டும் இதே கணக்கு என்று சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அடிகள் நிறைய உண்டு, அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மூன்று மொச்சையும் ஐந்து புளியங்கொட்டையும் எடுத்து வைத்தேன். மொச்சை என்றால் அடி, கொட்டை என்றால் மௌனம். எட்டு இடத்தில் மூன்று அடியை முடிந்தவரை சமமாகப் பரப்ப வேண்டும். எட்டை மூன்றால் வகுத்தால் மீதி வரும், அதனால் சரிசமமாக வராது. என்ன செய்வது? ஒவ்வொரு மொச்சைக்கும் ஒரு கொட்டை கொடு. மூன்று ஜோடி ஆச்சு, கையில் மிச்சம் இரண்டு கொட்டை. அந்த இரண்டையும் முதல் இரண்டு ஜோடிக்குக் கொடு. இப்போது இடமிருந்து வலமாகப் படித்தால் மொச்சை கொட்டை கொட்டை, மொச்சை கொட்டை கொட்டை, மொச்சை கொட்டை. தகிட தகிட தக.

இந்தப் பங்கீடு புதிதில்லை. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டுபிடிக்க யூக்ளிட் 2300 வருடங்களுக்கு முன் எழுதிய முறைதான், மிச்சத்தை எடுத்து மறுபடி மறுபடி பங்கு போடுவது. அமெரிக்காவில் நியூட்ரான் கற்றை உண்டாக்கும் ஒரு பெரிய இயந்திரத்தில் துடிப்புகளை நேரத்தில் சமமாகப் பரப்ப வேண்டியிருந்தது, அதற்காக பியோர்க்லுண்ட் என்பவர் ஒரு வழிமுறை எழுதினார். மாண்ட்ரியலில் இருந்த காட்ஃப்ரைட் டூசான் அதைப் பார்த்துவிட்டு, உலகத்தில் ஏகப்பட்ட தாளங்கள் இதற்குள் அகப்படுகின்றனவே என்று 2005இல் ஒரு கட்டுரை எழுதினார். கியூபா, மேற்கு ஆப்பிரிக்கா, பல்கேரியா, துருக்கி என்று பட்டியல் போகும். படித்தபோது எனக்கு நாலு நாள் தூக்கம் வரவில்லை.

ஆனால் இந்த மாதிரி ஆராய்ச்சியில் ஒரு வியாதி உண்டு, எனக்கும் இருந்தது. கணக்கு பொருந்திவிட்டால் காரணமும் கிடைத்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு. டவுன்ஷிப்பில் யாரும் மொச்சை வைத்துப் பங்கு போடவில்லை. எனக்குப் பழக்கமான ஒரு பையன், இருபது வயசு இருக்கும், இந்த இசை செய்கிறவன், என் நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். மடிக்கணினியைத் திறந்து அதே 3-3-2ஐக் கட்டம் பிசகாமல் போட்டுக் காட்டினான், செத்த பிணம் மாதிரி இருந்தது. அப்புறம் இரண்டாவது அடியை மட்டும் ஒரு மயிரிழை பின்னால் தள்ளினான், உயிர் வந்துவிட்டது. நம்மூர் தவில்காரர்களுக்கு இது சொல்லியா கொடுக்க வேண்டும்! யூக்ளிட் அடி எந்தக் கட்டத்தில் விழும் என்று சொல்வார், கட்டத்துக்குள் எங்கே விழும் என்று சொல்லமாட்டார்.

இன்னொன்று, இந்த இசை பரவின விதம். ரேடியோ முதலில் தீண்டவில்லை. டாக்ஸி ஓட்டுநர்களிடம் கொடுத்தார்கள், வேன் ஓடின இடமெல்லாம் பாட்டு ஓடியது. அப்புறம் வாட்ஸ்அப் குழுக்கள், இன்றைக்கு ராத்திரி செய்த பாட்டு நாளைக் காலையில் ஊரெல்லாம். இந்த வாட்ஸ்அப் விஷயத்தை நினைவில் வையுங்கள், ஆற்றிலும் வரும்.

எங்கள் மேட்டுக்குக் கீழே பால்மியட் என்று ஒரு சின்ன ஆறு. பைன்டவுன் பக்கம் கிளம்பி, வெஸ்ட்வில் வழியாக வந்து உம்கேனியில் சேர்கிறது. உம்கேனி பெரிய ஆறு, மலைப்பக்கத்துச் சதுப்பு நிலத்தில் பிறந்து, மிட்மார் அணையைத் தாண்டி, ஹோவிக்கில் 95 மீட்டர் அருவியாக விழுந்து, ஆல்பர்ட் ஃபால்ஸ், நாகில், இனாண்டா என்று இன்னும் மூன்று அணைகளைத் தாண்டி டர்பனின் ப்ளூ லகூனில் கடலில் கலக்கிறது. இரண்டும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் குவாரி ரோடு வெஸ்ட் என்ற தகரக் கொட்டகைக் குடியிருப்பு, ஆற்றங்கரை ஓரத்திலேயே. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். குவாரி ரோட்டில் வீடுகள் போயின, ஆனால் மேலே ஆறு ஏறுகிற செய்தி வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே வந்ததால் ஜனங்கள் கிளம்பி மேட்டுக்கு வர முடிந்தது. குடியிருப்பு மக்களும் பல்கலைக்கழக ஆட்களும் மாநகராட்சிக்காரர்களும் சேர்ந்து வருடக்கணக்காக உண்டாக்கி வைத்த ஏற்பாடு அது. பாட்டு பரவுகிற வழியில்தான் எச்சரிக்கையும் பரவியது. ஆறு தனி, இசை தனி என்று எந்தக் கட்டத்தில் பிரித்துப் போடுவது?

வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி, மாதக்கணக்கில் கடற்கரைகளை மூடி வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் தன்னார்வக் குழு ஒன்றில் சேர்ந்தேன். முதல் நாள் பால்மியட்டில் மினிசாஸ் செய்யக் கூட்டிப்போனார்கள். ஆற்றில் வாழும் பூச்சிகளை வைத்துத் தண்ணீரின் தரத்தைச் சொல்லும் முறை இது, தென்னாப்பிரிக்காவிலேயே உண்டானது, பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம். முழங்கால் தண்ணீரில் நின்று, காலால் கற்களைப் புரட்டிவிட்டு, கீழ்ப்பக்கம் வலையைப் பிடிக்க வேண்டும். வலையில் வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பூச்சி பொறுக்க வேண்டும். மொத்தம் 13 வகை, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். சாக்கடையிலும் வாழும் புழு, அட்டை, ஈக்குஞ்சுக்கு ஆளுக்கு 2. நத்தைக்கு 4, நண்டுக்கு 6. நல்ல தண்ணீர் இல்லையென்றால் செத்துப்போகும் ஸ்டோன்ஃப்ளை குஞ்சுக்கு, கல்லடியில் இரட்டை வாலோடு ஒட்டிக்கொண்டிருக்குமே அதற்கு, 17. எத்தனை பூச்சி என்பது கணக்கில்லை, எத்தனை வகை என்பதுதான். கூட்டி, வகையின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆற்றின் மதிப்பெண். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது புழு, அட்டை, ஈக்குஞ்சு, நத்தை, நண்டு. 2, 2, 2, 4, 6, மொத்தம் 16, ஐந்தால் வகுத்தால் 3.2. கல் நிறைந்த ஆற்றில் 5க்குக் கீழே வந்தாலே மிக மோசம் என்று அர்த்தம். ஒரே ஒரு ஸ்டோன்ஃப்ளை மட்டும் கூடக் கிடைத்திருந்தால் 33ஐ ஆறால் வகுத்து 5.5 ஆகியிருக்கும் என்று தட்டை வைத்துக்கொண்டு புலம்பினேன், பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்துப் பெண், "அங்கிள், அது கிடைக்காததுதானே விஷயம்" என்றாள். சரிதான்.

பூச்சிக் கணக்கில் எனக்குப் பிடித்தது, பூச்சி எங்கேயும் போகாது. வாரக்கணக்காக அந்தக் கல்லடியிலேயே கிடக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது எதையாவது திறந்துவிட்டாலும் அதற்குத் தெரியும். பாட்டில் தண்ணீர் அப்படி இல்லை, அள்ளின அந்த நொடியை மட்டும்தான் சொல்லும். ஆனால் கடலும் ஆறும் கலக்கும் கழிமுகத்தில் மினிசாஸ் செல்லாது, அங்கே பாட்டில்தான். என்னை அனுப்பினது கழிமுகத்துக்கு.

சனிக்கிழமை காலை ஏழரை மணி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஏனென்றால் வாரா வாரம் எழுந்திருக்க எனக்குச் சோம்பல். ப்ளூ லகூனில் இறங்கி, எதிர்க்கரையில் பீச்வுட் அலையாத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டே பாட்டிலை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். தண்ணீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியாவை எண்ணிப் பார்ப்பார்கள். ஆறு முறை போனேன், ஆறு முறையும் வரம்புக்குள். மேலே பால்மியட் நாறுகிறது, டூசி படகுப் போட்டியில் இந்த ஆற்றுத் தண்ணீர் வாய்க்குள் போனவர்களுக்கு வருகிற வயிற்றுப்போக்குக்கு 'டூசி கட்ஸ்' என்று தனிப் பெயரே இருக்கிறது, ஆனால் என் கழிமுகம் மட்டும் சுத்தம். வரைபடம் போட்டேன், ஆறு தன்னைத்தானே சுத்திகரிக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதினேன். இப்போது படித்தால் காது சுடுகிறது.

அங்கே தினமும் தூண்டில் போடும் ஒரு தாத்தா இருப்பார். அவர் குடும்பம் நாலு தலைமுறையாக வலைக்காரர்கள். 1917 அக்டோபர் வெள்ளத்தில் ஸ்ப்ரிங்ஃபீல்டு தோட்டக்காடு முழுகினபோது, மாரிமுத்து படவட்டனும் இன்னும் ஐந்து பேரும் மீன்பிடிப் படகை ஆற்றுக்குள் தள்ளி 170க்கும் மேற்பட்டவர்களைக் கரைசேர்த்த கதையை, போன வாரம் நடந்த மாதிரி சொல்வார். தமிழ் கொஞ்சம், இங்கிலீஷ் கொஞ்சம், நடுவில் ஜூலு. ஆறாவது முறை நான் பாட்டிலை மூடும்போது கேட்டார்:

"தம்பி, இத்தனை நாளா பாக்கிறேன். நீ வர்ற நேரமெல்லாம் ஏத்தம். கடல் தண்ணிய அள்ளிக்கிட்டுப் போயி ஆத்தைப் பத்தி என்னா கண்டுபிடிக்கிறே?"

"வேற வேற சனிக்கிழமைதானே தாத்தா வரேன்?"

"ரெண்டு வாரம் விட்டு வந்தா ஏத்தமும் அதே நேரத்துக்குத்தானே வந்து நிக்கும்!"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கடல் பொங்கி ஏறுகிற ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சராசரியாக 12 மணி 25 நிமிடம் 14 நொடி. 14 நாளில் கிட்டத்தட்டச் சரியாக 27 ஏற்றம் அடங்கிவிடுகிறது, மிச்சம் வெறும் 39 நிமிடம். அதாவது நான் முதல் தடவை போனபோது ஏற்றம் உச்சத்துக்கு வந்தது ஒன்பது மணி என்றால், அடுத்த தடவை 8.21, அப்புறம் 7.43, 7.04, 6.25, 5.47. நான் ஏழரைக்குப் போகிறேன். பத்து வாரம், ஆறு பாட்டில், ஆறும் உச்சத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள். கடல் உள்ளே ஏறி வந்து ஆற்றுத் தண்ணீரை மேலே தள்ளிவிட்டுக் காத்திருக்கிறது, நான் போய்ப் பவ்வியமாக அள்ளுகிறேன். உப்புத் தண்ணீரில் ஈ.கோலை சீக்கிரம் செத்தும்போகும். வேடிக்கை என்னவென்றால் என் நோட்டிலேயே உப்பு அளவு எழுதியிருந்தது, ஆறு தடவையும் தூக்கலாக. மீட்டர் கெட்டுப்போச்சு என்று நினைத்து அந்தப் பத்தியை விட்டுவிட்டேன்.

எட்டு அட்சரத் தாளத்தை எட்டு அட்சரத்துக்கு ஒரு முறை மட்டும் காதைத் திறந்து கேட்டால் என்ன கேட்கும்? ஒரே அடி. அல்லது ஒரே மௌனம். அதை வைத்துக்கொண்டு தாளமே இல்லை என்று இரண்டு பக்கம் எழுதலாம். டாக்ஸியில் தொடையில் தட்டிக்கொண்டு போனவன், மொச்சை வைத்துப் பொதுக் காரணி பார்த்தவன், முனைவர் பட்டமே வகுத்தல் மீதியில் வாங்கினவன், ஆற்றங்கரையில் அதைக் கோட்டை விட்டேன். அமாவாசை, அஷ்டமி என்று எண்ணிக் கடலுக்குப் போகிறவருக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே ஏற்ற வற்ற வித்தியாசம் 2 மீட்டரை நெருங்கும், அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது, இதெல்லாம் அவருக்குக் கால் பாதத்தில் இருக்கிற கணக்கு.

வாரா வாரம் போயிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். 7 நாளில் பதின்மூன்றரை ஏற்றம், ஒரு வாரம் ஏற்றம் என்றால் அடுத்த வாரம் வற்றம். என் சோம்பல்தான் காரியத்தைக் கெடுத்தது. ஆனால் அதிலும் சனிக்கிழமை மட்டும்தான் அகப்படும். தொழிற்சாலை ஓடுகிற நாள், துணி துவைக்கிற நாள் என்று ஆற்றுக்கும் ஒரு வாரச் சுழற்சி உண்டே. இரண்டு சுழற்சியிலும் மாட்டாத ஓர் எண் வேண்டும். தேடினேன், 11 அகப்பட்டது. 11க்கும் 7க்கும் பொதுக் காரணி 1, அதனால் சனி, புதன், ஞாயிறு, வியாழன், திங்கள், வெள்ளி, செவ்வாய் என்று ஏழு தடவையில் வாரம் முழுக்கச் சுற்றி வந்துவிடும். ஏற்றமும் ஒவ்வொரு தடவையும் 3 மணி 10 நிமிடம் முன்னால் நகரும், நாலு தடவையில் ஏற்றம், நடு, வற்றம், நடு. 77 நாளில் ஒரு சுற்று. இதுவரை நான் நிரூபித்த எதுவும் இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

குழுவில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பதினொரு நாளுக்கு ஒரு முறை என்று யார் லீவு கொடுப்பார்கள்? ஓய்வுபெற்ற ஓர் அக்காவும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். முதல் சனிக்கிழமை மறுபடி ஏற்றம்தான், பழையபடி சுத்தம். மூன்றாவது தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வற்றம். காரில் இருந்து இறங்கும்போதே மூக்கு சொல்லிவிட்டது. நான் எப்போதும் நிற்கிற இடத்தில் தண்ணீரே இல்லை, கணுக்கால் வரை கறுப்புச் சேறு, பிளாஸ்டிக் மூடிகள், சேற்றில் குதிக்கும் சின்ன மீன்கள். பத்தடி தள்ளிப் போய் ஓடுகிற தண்ணீரை அள்ளினேன். மீட்டரில் உப்பு இறங்கியிருந்தது, அது கெட்டுப்போகவே இல்லை. தட்டில் வந்த ஈ.கோலையை எண்ண முடியவில்லை என்றார்கள், பத்து மடங்கு நீர்க்கவைத்து மறுபடி எண்ண வேண்டியிருந்தது.

படிவத்தில் இந்த வருடமும் எண் கோட்பாடு என்றே போட்டுவிட்டேன், பட்டியலில் அதுதான் இருக்கிறது. கீழே 'குறிப்பு' என்ற இடத்தில் மேலே சொன்னதை நாலு வரியாக எழுதினேன். கண்ணாடி அம்மா படித்துவிட்டு, "அந்தத் தாத்தாவின் பெயரைப் போடவில்லையா?" என்றார். கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார் என்றேன். உண்மையில் கேட்டிருக்கிறேன்.

அடுத்த 77 நாளுக்கான பட்டியலை அச்செடுத்துத் தாத்தாவிடம் கொடுத்தேன். தூர வைத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாக, எந்தத் தேதியில் என்ன திதி வரும் என்று வாய்க்குள் முனகிக்கொண்டே பார்த்தார். மூன்று இடத்தில் தலையாட்டினார். ஜூன் கடைசியில் இருந்த ஒரு தேதிக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார்.

"இது வேணாம் தம்பி. அப்ப சாளை வந்துச்சுன்னா கரையில எடம் இருக்காது. உன் பாட்டிலை வெச்சுட்டு வலைய இழுக்க வா."